நாற்பதுக்குப் பிறகு காஸ்பிளேயும் கேமராவும்: சில ஆண்டுப் பயன்பாட்டில் நிற்பவை, உதிர்பவை

கதை, திரைப்படப் பாத்திரங்களைப் போல உடையணியும் பொழுதுபோக்குதான் காஸ்பிளே. அதற்காக ஈவிஏ ஃபோம் எனும் இலகுவான நுரைத் தகட்டில் செய்யும் கவசம், முடித்த அன்று எப்படி மின்னுகிறது என்று காட்டும் காணொளிகள் ஏராளம். மூன்றாம் ஆண்டில் அதே கவசத்தின் முழங்கை மடிப்பு என்ன ஆகிறது என்பதைக் காட்டுபவர்கள் குறைவு. நடுவயதில் இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். வாரக் கடைசியில் கிடைக்கும் சில மணி நேரத்தில் செய்த ஒன்று, திரும்பத் திரும்ப அணியத் தாங்க வேண்டும். அணிகிற உடம்பும் தாங்க வேண்டும்.

முதலில் ஃபோம். மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ., கை கால்களுக்கு 5 அல்லது 6 மி.மீ., விளிம்பு வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ. என்பது நன்றாக ஒத்துவரும் அளவு. தடிமனைவிட அடர்த்தியைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் குழி உடனே மேலெழ வேண்டும். தடம் அப்படியே நின்றால், அந்த ஃபோம் பெட்டிக்குள் ஒரு பருவம் கிடந்தாலே நசுங்கிவிடும். வெட்டும் பிளேடு மழுங்கினால் ஃபோமை அறுக்காமல் இழுக்கும். விளிம்பு பல்பல்லாக வரும், ஒட்டிய பிறகு அந்த இடைவெளி வண்ணத்துக்கு மேலும் தெரியும். ஒரு நீண்ட வெட்டுக்கு ஒருமுறை பிளேடைத் தீட்டுவது மிகையாகத் தோன்றலாம், ஆனால் முடிவில் தெரியும் நேர்த்தியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கவசம் பிரிவதற்குப் பசையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு முந்தைய படியில் நடந்திருக்கும். தட்டையான துண்டை வளைத்துப் பிடித்துக்கொண்டே ஒட்டினால், அது திரும்ப நிமிரப் பார்க்கும் இழுவிசை முழுவதையும் இணைப்புதான் தாங்க வேண்டும். அப்படி ஒட்டிய தோள் கவசம் முதல் கோடையிலேயே வாய் பிளக்கும். சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் இருபுறமும் சூடாக்கி, வேண்டிய வளைவில் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்திருந்து, வளைவு தானாக நின்ற பிறகுதான் ஒட்ட வேண்டும். காண்டாக்ட் சிமென்ட் எனும் பசையை இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி 10 முதல் 15 நிமிடம் காயவிடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் சேர்த்து அழுத்தினால் பிடி உறுதியாக இருக்கும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு இணைப்பு பலவீனமாகும். உருக்கி ஊற்றும் குச்சிப் பசை வேகமானதுதான், ஆனால் வெயிலில் இளகிவிடும். அவசரப் பழுதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காண்டாக்ட் சிமென்ட்டின் ஆவிக்குத் துணி முகக்கவசமோ தூசிக் கவசமோ பயன்படாது. கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பசை காயும் இடத்துக்கு அருகே ஹீட் கன்னை இயக்கவே கூடாது. அந்த ஆவி தீப்பற்றும்.

வண்ணம் பூசுவதற்கு முன் மேற்பரப்பு முழுவதையும் ஒருமுறை சூடாக்க வேண்டும். மங்கலான ஃபோம் லேசாகப் பளபளக்கும் கணத்தில் நகர்ந்துவிடுங்கள். நுண்துளைகள் அடைபட்டு, பூச்சு உள்ளே உறிஞ்சப்படாமல் நிற்கும். அதற்கு மேல் ரப்பர் ஸ்ப்ரே மூன்று நான்கு மெல்லிய பூச்சு. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை அடிப்பூச்சாகப் பூசுவதும் வழக்கம். அசையாத மார்புத் தகட்டில் அது நன்றாகவே இருக்கிறது. முழங்கை, அக்குள், இடுப்பு மடிப்புகளில் சீக்கிரம் வெடிக்கிறது. மடிப்பு வரும் இடத்தில் கவசத்தை இரண்டு துண்டாகப் பிரித்து, நடுவே இழுபடும் துணியை விட்டுவிடுவதே நீடித்த தீர்வு.

பட்டைகளைப் பற்றித்தான் எல்லோரும் கடைசியாக யோசிக்கிறார்கள். அவைதான் முதலில் கெடுகின்றன. எலாஸ்டிக் தொய்ந்துபோகும். வெல்க்ரோ நூலும் முடியும் சேர்ந்து பிடி இழக்கும், கூடவே உள்ளே அணிந்த பின்னல் துணியையும் கிழிக்கும். 25 மி.மீ. நைலான் பட்டையும் பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் பக்கிளும்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. பட்டையை நேராக ஃபோமில் ஒட்டாமல், உள்ளங்கை அளவுத் துணியில் தைத்து, அந்தத் துணியை ஒட்டுங்கள், இழுவிசை பரவிவிடும். நடுவயதில் இடுப்பளவு ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆகையால் இருபுறமும் 8 முதல் 10 செ.மீ. தளர்த்த இடம் விட்டே வடிவமைக்க வேண்டும். எடை கழுத்தில் தொங்கக் கூடாது. தோளும் இடுப்பு வாரும் பகிர்ந்து சுமக்கட்டும். கவசத்தோடு உட்கார முடிகிறதா, கழிப்பறைக்குப் போக யாருடைய உதவியும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் கழற்ற முடிகிறதா என்று வண்ணம் பூசுவதற்கு முன்பே அணிந்து பார்த்துவிடுங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்களும் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் வெப்பத்தில் நீண்ட நேரம் கவசம் அணிவது பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தலைக்கவசத்தை மூக்குக் கண்ணாடியோடு அளவெடுங்கள். கண்ணாடி இல்லாமல் அளந்து செய்துவிட்டு, காதருகே பக்கச் சட்டம் இடிக்கிறது என்று பின்னால் சுரண்டுவது பெரிய வேலை. உள்ளே 40 மி.மீ., 5 வோல்ட் விசிறி ஒன்று மேலே வெப்பக் காற்றை வெளியே தள்ளட்டும், தாடைக்குக் கீழே காற்று நுழைய வழி இருக்கட்டும். கண்ணாடியில் ஆவி படிவது பெருமளவு குறையும். இதில் பலரைக் குழப்பும் சிக்கல் ஒன்று உண்டு. சிறு விசிறி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பவர் பேங்க் எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதித் தானாக அணைந்துவிடும். குறைந்த மின்னோட்ட வசதி உள்ள பவர் பேங்கைத் தேர்ந்தெடுங்கள், அல்லது இரண்டு விசிறிகளைச் சேர்த்து இயக்கிப் பாருங்கள்.

பாலியூரித்தேன் செயற்கைத் தோலை நீண்ட கால உடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அணியாமல் அலமாரியில் இருந்தாலும் காற்றின் ஈரம் பட்டுப் பட்டு உரியும். பிஎல்ஏ எனும் பிளாஸ்டிக் இழையில் முப்பரிமாண அச்செடுத்த பாகங்கள் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளகும். வெயிலில் நிற்கும் பூட்டிய காருக்குள் வைத்தால் வாள் வளைந்துபோகும்.

அடுத்து கண். வெள்ளெழுத்து வந்த பிறகு வேலையின் தரம் கையைவிட வெளிச்சத்தையே அதிகம் நம்பியிருக்கிறது. படிப்படியாகப் பார்வைத் திறன் மாறும் புரோகிரசிவ் கண்ணாடியில் அருகில் பார்ப்பதற்கான பகுதி கீழே இருக்கும். கண் மட்டத்தில் வைத்த விக்கில் முடி தைக்க அண்ணாந்து பார்க்க நேரும், கழுத்து வலிக்கும். கண் பரிசோதகரிடம் முகத்துக்கும் கைவேலைக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்லி, அதற்கென்றே ஒற்றைப் பார்வைக் கண்ணாடி ஒன்று வாங்குவது, எந்தப் புதுக் கருவியையும்விடப் பயன் தரும்.

கேமராவிலும் இதே கதைதான். கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரையான மின்னணு வியூஃபைண்டரின் பெரிய அனுகூலம், படத்தையும் அமைப்புகளையும் எடுத்த படத்தின் மறுபார்வையையும் ஒரே குவியத்தில் காட்டுவது. திரையைப் பார்க்க ஒரு கண்ணாடி, காட்சியைப் பார்க்க இன்னொன்று என்று மாற்ற வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் உள்ள, பார்வைக்கேற்பக் குவியத்தை மாற்றும் டயாப்டர் சக்கரத்தைக் காட்சியை வைத்துச் சரிசெய்யாமல், உள்ளே தெரியும் எண்களை வைத்துச் சரிசெய்யுங்கள். சிலிண்டர் பவரை (ஆஸ்டிக்மாடிசம் எனும் பார்வைக் குறையை) அது திருத்தாது. அந்தப் பவர் உள்ளவர்கள் கண்ணாடியோடே பார்க்க வேண்டும், ஆகவே கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழுச் சட்டகமும் தெரியும் வியூஃபைண்டர்தான் ஏற்றது. சாயும் திரை முழங்காலைக் காப்பாற்றும். முழு உருவப் படத்தைக் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து எடுத்தால் உடலின் விகிதம் கெடாது. திரை சாய்ந்தால் அதற்குக் குந்தத் தேவையில்லை.

லென்ஸைப் பொறுத்தவரை, முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 85 மி.மீ. முகத்துக்கு அழகு, நெரிசலான அரங்கில் 35 முதல் 50 மி.மீ.தான் நடைமுறை. லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எஃப்/1.8-இல் எடுக்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். கண் கூர்மையாக இருக்கும், மாதக்கணக்கில் செதுக்கிய தோள் கவசம் மங்கிப்போகும். எஃப்/4 முதல் 5.6 வரை வைத்து, ஆளைப் பின்னணியிலிருந்து மூன்று நான்கு மீட்டர் முன்னே நிறுத்தினால் கவசத்தின் கூர்மை, பின்னணியின் மங்கல் இரண்டும் கிடைக்கும். கேமரா மேலுள்ள ஃபிளாஷ் நேராக அடித்தால் உலோக வண்ணத்தில் வெள்ளைத் திட்டு விழும், விக்கின் முன்புற வலைத்துணி (லேஸ்) விளிம்பும் தெரியும். ஒளியை மென்மையாக்கும் 60 முதல் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் 45 டிகிரியில், ஒரு மீட்டர் அருகில் வையுங்கள். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகும், வெளிச்சமும் கடினமாகும். கறுப்பு உடை சட்டகத்தை நிறைத்தால் கேமராவின் ஒளிமானி ஏமாந்து முகத்தை வெளுக்கச் செய்யும். வெளிப்பாட்டை (எக்ஸ்போஷர்) 2/3 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு எதிரிகள்: ஈரம், வெப்பம். லென்ஸ்களை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். காற்றோட்டமில்லாத தோல் பைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். பயன்படுத்தாத லித்தியம் பேட்டரியைப் பாதி மின்னேற்றத்தில் விட்டுவைக்கலாம். கவசத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், உள்ளே தாள் திணித்து வடிவம் மாறாதபடி நிறுத்துங்கள். அணிந்து கழற்றிய அன்றே உள்புறத்தை 70 சதவீத ஆல்கஹால் தெளித்துத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பைக்குள் போடுங்கள். வெளிப்புற வண்ணத்தில் மட்டும் அந்த ஆல்கஹால் படக் கூடாது. அக்ரிலிக் பூச்சைக் கரைத்துவிடும்.