ரூட் 66-ல ஆர்வி ட்ரிப்: எந்த ஸ்டாப் வொர்த்து, எதை வண்டிக்குள்ள இருந்தே பாத்துக்கலாம்

ஓக்லஹோமா டல்சால ஆரம்பிச்சு அரிசோனா ஹால்ப்ரூக் வரைக்கும் ஆர்வி (அடுப்பு, படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி) வாடகைக்கு எடுத்துட்டு, சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைச்ச பழைய ரூட் 66 ஹைவே ஓரமா போயிட்டு வந்தோம், கிட்டத்தட்ட 900 மைல், கூட அத்தை மாமா பசங்க எல்லாரும். கிராண்ட் கேன்யன் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா வழியில நிக்கிற விசித்திரமான ஐட்டங்களுக்கு பெரிய வண்டில போனா எப்படி இருக்கும்னு தமிழ்ல தேடினா ஒண்ணும் சிக்கல, அதான் எழுதுறேன். நான் மார்க் போடுறது ரெண்டே விஷயத்துக்குத்தான். 25 அடி வண்டிய ரிவர்ஸ் எடுக்காம உள்ள விட்டு வெளிய எடுக்க முடியுதா, இறங்கினா செல்ஃபி எடுக்குறத தவிர வேற ஏதாச்சும் செய்ய இருக்கா.

முழு மார்க் கேடிலாக் ரான்ச்சுக்கு. டெக்ஸஸ் அமரில்லோவுக்கு மேற்கால ஐ-40 ஹைவே ஓரமா வெட்டவெளி, அதுல 10 கேடிலாக் காரு மூஞ்சி மண்ணுக்குள்ள, பின்பக்கம் மேல தூக்கிட்டு வரிசையா சாஞ்சு நிக்குது. 1974-ல ஆன்ட் ஃபார்ம்னு ஒரு குழு, சிப் லார்ட், ஹட்சன் மார்க்வெஸ், டக் மைக்கேல்ஸ்னு மூணு பேரு, அந்த ஊரு பணக்காரர் ஸ்டான்லி மார்ஷ் காசு குடுக்க நட்டு வச்சது. ஏதோ கிடைச்ச பத்து காரை புதைக்கல, 1949 மாடல்ல ஆரம்பிச்சு 1963 வரைக்கும் பொறுக்கி எடுத்து வச்சிருக்காங்க, பின்னாடி மீன் துடுப்பு மாதிரி தூக்கிட்டு இருக்கற அந்த டெயில் ஃபின் வருஷத்துக்கு வருஷம் எப்படி வளந்து 59-ல உச்சத்துக்குப் போயி அப்புறம் அடங்குச்சுன்னு வரிசையா நடந்துக்கிட்டே பாக்கலாம்ங்கறதுதான் ஐடியா. இப்போ பெயின்ட் எல்லாத்தையும் மூடிடுச்சு, உத்துப் பாத்தாதான் எது எந்த மாடல்னு பிடிபடும். ஊரு வளந்து பக்கத்துல வந்துடுச்சுன்னு 1997-ல பத்தையும் தோண்டி எடுத்து ரெண்டு மைல் தள்ளி அதே மாதிரி நட்டுருக்காங்க.

டிக்கெட் கிடையாது, யார் வேணா உள்ள போய் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாம், அடிக்கணும். நாம அடிச்சது ஒரு நாள் தாங்கினா பெருசு, அடுத்து வர்றவங்க அது மேல அடிச்சிடுவாங்க. ஒரு கதவோரத்துல பெயின்ட் உரிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு, விரல் தடிமன் இருக்கும், அதோட விளிம்பப் பாத்தா நீலம் மஞ்சள் பிங்க் வெள்ளைன்னு கோடு கோடா அடுக்கு, பசங்க அதை எண்ண ஆரம்பிச்சு எண்ணி மாளாம விட்டுட்டாங்க. அத்தைதான் ரொம்ப நேரம் பேசாம நின்னு பாத்துட்டு "ஏன் மாப்ள, ஓடுற காரையா கொண்டாந்து புதைச்சாங்க?"ன்னு கேட்டாங்க, ஆமா அத்தை, சிலது ஓட்டிட்டு வந்தே புதைச்சதாத்தான் சொல்றாங்கன்னேன், அப்புறம் அவங்களே ஒரு டப்பாவ வாங்கி குலதெய்வம் பேரத் தமிழ்ல எழுதினாங்க. எனக்கு அந்த இடம் பிடிச்சுப்போனதே அதனாலதான், எழுபது வயசு ஆளையும் ஏழு வயசுப் பையனையும் ஒரே நேரத்துல வேலை செய்ய வச்சிடுச்சு.

ஆர்வி ஆளுங்களுக்கு: சர்வீஸ் ரோடு ஓரத்துலயே நிறுத்திட்டு அப்படியே நேரா கிளம்பிடலாம், ரிவர்ஸே வேண்டாம். மழை பேஞ்சிருந்தா கார் நிக்கிற இடம் வரைக்கும் சேறு, பழைய செருப்பு போட்டுட்டுப் போயி படிக்கு வெளியவே கழட்டிடுங்க, இல்லன்னா வண்டிக்குள்ள பெயின்ட் தடம் ஆகி டெபாசிட்ல கை வைப்பாங்க. அங்க காத்து எப்பவும் அடிக்கும், காத்துக்கு முதுகு காட்டி நின்னு அடிங்க, எதுக்க நின்னா மொத்தமும் உங்க சட்டை மேலதான். முக்கியமா காலி டப்பாவ தயவு செஞ்சு திருப்பி எடுத்துட்டு வாங்க. தரை பூரா டப்பாவும் மூடியுமா கிடக்கு, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. காசு வாங்காம திறந்து விட்டுருக்காங்க, அதுக்கு நாம இத கூட செய்யலன்னா எப்படி.

அடுத்து எனக்குப் பிடிச்சது ஓக்லஹோமா கட்டூசால இருக்கற நீலத் திமிங்கலம். ஒரு குளத்தோரம் 80 அடி நீளத்துல சிமென்ட் திமிங்கலம் வாயத் திறந்து சிரிச்சிட்டு உக்காந்திருக்கு. ஹியூ டேவிஸ்னு ஒருத்தர் தன் மனைவி ஸெல்டாவுக்கு கல்யாண நாள் பரிசா எழுபதுகள் ஆரம்பத்துல கட்டினது, அந்தம்மாவுக்கு குட்டி குட்டி திமிங்கல பொம்மை சேக்குற பழக்கமாம். வீட்டு ஆளுங்க குளிக்கக் கட்டினத ஊரே வந்து குதிக்க ஆரம்பிச்சிருக்கு. இப்போ நீச்சலுக்கு விடுறதில்ல, ஆனா வாய் வழியா உள்ள நடந்து போயி வால் பக்கம் நின்னு தண்ணியப் பாத்துட்டு இருக்கலாம். பெஞ்ச் போட்டிருக்காங்க, நாங்க வண்டில செஞ்ச புளியோதரைய அங்கதான் சாப்பிட்டோம்.

மத்ததெல்லாம் வியாபாரத்துக்காக வச்சது, அதுல தப்பில்ல. 1926-ல போட்ட ரோடு, வண்டிய நிறுத்த வைக்க கடைக்காரன் ஒவ்வொருத்தனும் ஒரு வேலை பண்ணிருக்கான், அப்புறம் பக்கத்துலயே இன்டர்ஸ்டேட்ங்கற பெரிய ஹைவே வந்து 1985-ல ரூட் 66-ங்கற பேரையே ஹைவே லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க, தாக்குப்பிடிச்சது கொஞ்சம்தான். டெக்ஸஸ் க்ரூம் பக்கத்துல சாஞ்ச தண்ணி டேங்க் ஒண்ணு, ட்ரக் ஸ்டாப்புக்கு ஆள் இழுக்க வேணும்னே சாய்ச்சு வச்சது, ரெண்டு காலு அந்தரத்துல தொங்கும். நல்லா இருக்கு, ஆனா வண்டிக்குள்ள இருந்து பாத்தாலே போதும். டெக்ஸஸ் ஏட்ரியன்தான் ரூட் 66-ஓட நடுப்புள்ளி, சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் தலா 1139 மைல்னு போர்டு, ரோட்டுல கோடு, அஞ்சு நிமிஷம்.

அமரில்லோவுல பிக் டெக்ஸன்னு மஞ்சக் கலர் பிரம்மாண்ட ஹோட்டல், 72 அவுன்ஸ் ஸ்டேக், அதாவது ரெண்டு கிலோ, கூட உருளைக்கிழங்கு, சாலட், இறால், பன் எல்லாத்தையும் ஒரு மணி நேரத்துல முடிச்சா காசு வேண்டாம். நாங்க பீஃப் சாப்பிடுறதில்ல, மேடை மேல உக்காந்து முயற்சி பண்றவங்கள வேடிக்கை பாக்கவே உள்ள போனோம், சத்தமும் கூட்டமுமா திருவிழா மாதிரி இருந்துச்சு. அவங்களோட ஆர்வி பார்க்கும் பக்கத்துலயே இருக்கு.

ஓக்லஹோமா ஆர்கேடியால பாப்ஸ்ங்கற பெட்ரோல் பங்க் வாசல்ல 66 அடி உயர சோடா பாட்டில், 2007-ல வச்சது, ராத்திரி கலர் மாறி மாறி எரியும். உள்ள நூத்துக்கணக்குல சோடா, கலர் வாரியா கண்ணாடி ஓரம் அடுக்கி வச்சிருக்காங்க. பன்னீர் சோடா குடிச்சு வளந்தவங்க இஞ்சி சோடா அலமாரிப் பக்கம் போங்க, ஏமாத்தாது. சுத்தி இடம் தாராளம், வண்டி திருப்ப கவலையே இல்ல.

வண்டியப் பத்தி. கம்பெனி பேரு வேண்டாம், கழிவுத் தண்ணி டம்ப் பண்ற ஹோஸ்ல விரிசல் இருந்தத மொத நாளே போன் பண்ணி சொல்லியும் மாத்தித் தரல, கடைசில நாங்களே புதுசு வாங்கினோம், அந்தக் காசும் திரும்ப வரல. சாவி வாங்கறதுக்கு முன்னாடி ஹோஸ், வாட்டர் பம்ப், ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாத்தையும் ஓட விட்டு வீடியோ எடுத்துக்கோங்க, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, ஒரு ராத்திரிக்கு எத்தனை மைல் ஃப்ரீன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. பெட்ரோல் குடிக்கும், கேலனுக்கு எட்டு பத்து மைல்தான். டெக்ஸஸ்ல பக்கவாட்டுக் காத்து வண்டிய அப்படியே தள்ளும், 60-க்கு மேல போகாதீங்க. இதெல்லாம் தாண்டியும் மறுபடி ஆர்விதான் எடுப்பேன், ஏன்னா மாமாவுக்கு பாத்ரூம் கவலை இல்ல, பசங்களுக்கு தயிர் சாதம் ரெடி, பிடிச்ச இடத்துல இன்னும் அரை மணி நேரம் உக்காரலாம்.

நியூ மெக்ஸிகோ டுகம்காரிய மட்டும் பகல்ல தாண்டிடாதீங்க, இருட்டினதுக்கு அப்புறம்தான் ப்ளூ ஸ்வாலோ மோட்டலோட நியான் எல்லாம் எரியும். கடைசி ஸ்டாப் ஹால்ப்ரூக் விக்வாம் மோட்டல், 1950-ல இருந்து இருக்கு, ஒவ்வொரு ரூமும் தனித்தனி சிமென்ட் கூம்பு, முன்னாடி பழைய காலத்து காருங்க நிக்கும். மொத்தம் 15 ரூம்தான், ஆர்வில போறவங்களும் அன்னிக்கு ஒரு ராத்திரி கூம்புக்குள்ள தூங்கிப் பாக்கணும்னா கிளம்பறதுக்கு முன்னாடியே புக் பண்ணிடுங்க.