நிறை நிறமாலைக் கட்டுரையோடு நான்கு ஆண்டுகள்: தமிழ் விக்கிப்பீடியாவில் கூட்டாகத் தொகுத்த அனுபவம்

நிறை நிறமாலையைப் படித்தறியும் முறை பற்றிய கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுக்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூலக்கூறுகளை மின்னேற்றம் பெற்ற அயனிகளாக்கி, அவற்றையும் அவற்றின் துண்டுகளையும் நிறைப்படி பிரித்துக் கோடுகளாகக் காட்டும் வரைபடமே நிறை நிறமாலை. பகுப்பாய்வுக் கூடத்தில் நாள்தோறும் நிறமாலைகளைப் பார்க்கும் வேலை என்னுடையது. அறிந்ததை எழுதுவதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது என்ற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன்.

முதலில் கண்ணில் பட்டது, மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றின் துணையோடு யாரோ தொடங்கி வைத்திருந்த ஒரு பத்தி. அதில் ‘வெகுஜன நிறமாலை’ என்று இருந்தது. ‘மாஸ்’ என்ற சொல்லுக்கு மக்கள் திரள் என்றும் பொருள் உண்டு என்பதால் நேர்ந்த பிழை அது. உடனே ‘நிறை நிறமாலை’ என்று மாற்றினேன். அன்று மாலையே உரையாடல் பக்கத்தில் ஈழத்துப் பயனர் ஒருவர், தங்கள் பாடநூல்களில் ‘நிறை’ என்றால் எடை என்றும், நான் சொல்ல வரும் பொருளுக்குத் ‘திணிவு’ என்பதே சொல் என்றும் பொறுமையாக விளக்கியிருந்தார். தமிழ்நாட்டில் ஒரு பொருளின் மாறாத அளவைக் குறிக்கும் சொல்லே, கடலுக்கு அப்பால் புவியீர்ப்பைப் பொறுத்து மாறும் அளவைக் குறிக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. பேச்சு, விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடி வரை சென்றது. தலைப்பில் ‘நிறை’ இருக்கட்டும், ‘திணிவு நிறமாலை’ என்று தேடுபவரும் இதே பக்கத்துக்கு வந்து சேர வழிமாற்று அமைப்போம், ஐசோடோப்பு–சமதானி, நைட்ரஜன்–நைதரசன், அயனி–அயன் போன்ற இணைச்சொற்களைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே அட்டவணையாகத் தருவோம் என்று முடிவானது. இரண்டு வாரங்கள் எடுத்துக்கொண்ட அந்தப் பேச்சை நான் இன்றும் பயனுள்ளதாகவே கருதுகிறேன்.

சொற்களைவிட எண்கள்தான் அதிகம் சோதித்தன. நைட்ரஜன் விதியை விளக்கக் காஃபீனை எடுத்துக்கொண்டேன். நைட்ரஜனின் நிறை இரட்டைப்படை, இணைதிறனோ ஒற்றைப்படை. அதனால் மூலக்கூறில் நைட்ரஜன் அணுக்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் மூலக்கூறு நிறையும் ஒற்றைப்படையாக வரும், இல்லாவிட்டாலோ இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தாலோ இரட்டைப்படையாக வரும். ஒரே நைட்ரஜன் கொண்ட பிரிடினுக்கு 79, நான்கு நைட்ரஜன் கொண்ட காஃபீனுக்கு 194. ஒரு நாள் கவனிப்புப் பட்டியலைத் திறந்தால், அந்த 194ஐ யாரோ 195 ஆக்கியிருந்தார். ‘பிழை’ என்று ஒரே சொல்லில் குறிப்பெழுதி, அவர் எழுதியதை முழுவதும் படிக்காமலேயே மீளமைத்தேன். மறுநாள் அவர் விளக்கம் எழுதினார்: அவருடைய கருவியில் மூலக்கூறுகள் மின்தெளிப்பு முறையில் அயனியாகின்றன, ஒரு புரோட்டான் ஒட்டிக்கொள்வதால் அவர் திரையில் நாள்தோறும் தெரிவது 195தான். 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலக்ட்ரான்களை மோதவிடும் என் கருவிக்கு 194 சரி, அவருடையதற்கு 195 சரி. கட்டுரையில் அயனியாக்க முறையையே குறிப்பிடாமல் விட்டதுதான் தவறு. அந்தத் தவறு என்னுடையது. உரையாடல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்தேன். அதன் பிறகு கட்டுரையில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அயனியாக்க முறையும் இருக்கிறது, ஒற்றைப்படை–இரட்டைப்படை விதி மின்தெளிப்பில் தலைகீழாகத் தோன்றுவதற்கான காரணமும் தனிப்பத்தியாக இருக்கிறது. தனியாக எழுதியிருந்தால் அந்தப் பத்தி எனக்குத் தோன்றியே இருக்காது.

படங்கள் சேர்ப்பதில் விதிகள் கடுமையானவை, அது நியாயமும்கூட. தரவுத்தளம் ஒன்றிலிருந்து எடுத்து, விக்கித் திட்டங்களின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஒருவர் பதிவேற்றிய நிறமாலைப் படம் காப்புரிமைக் காரணத்தால் நீக்கப்பட்டது. பிறகு குளோரோபென்சீனுக்கு நானே ஒரு கோட்டுப்படம் வரைந்தேன்: 112இல் உடையாத முழு மூலக்கூறின் அயனி, 114இல் அதன் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குளோரினின் கனமான ஐசோடோப்பான குளோரின்-37 தரும் கோடு, குளோரின் கழன்ற பின் 77. அருகிலேயே, புரோமினின் இரண்டு ஐசோடோப்புகளால் வரும் புரோமோபென்சீனின் 156, 158 ஆகிய இரண்டு கோடுகளையும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிறுத்தினேன். இந்த இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவருக்குக் குளோரின், புரோமின் போன்ற ஆலசன்கள் பற்றிய விளக்கம் பாதி தேவைப்படாது.

எழுதக் கடினமாக இருந்தது, ஒரு ஹைட்ரஜன் இடம்பெயர மூலக்கூறு அயனி இரண்டாக உடையும் மக்லாஃபர்ட்டி மறுசீரமைப்பு. 2-ஹெக்சனோனின் நிறை 100. அது 42 நிறையுள்ள புரொப்பீனை இழந்து 58 தருகிறது. காமா கார்பனில் (கார்பனைல் தொகுதியான C=O-இலிருந்து மூன்றாவது கார்பன்) உள்ள ஹைட்ரஜன், ஆறு அணு வளையம் போன்ற இடைநிலை வழியாகக் கார்பனைல் ஆக்சிஜனைச் சேர்கிறது என்று எழுதி நிறைவடைந்திருந்தேன். ‘அப்படியானால் எந்தப் பிணைப்பு உடைகிறது?’ என்று ஒரு மாணவர் கேட்டார். அத்தொகுதிக்கு அடுத்த முதல், இரண்டாம் கார்பன்களான ஆல்பா, பீட்டா கார்பன்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு என்பதை நான் எழுதவே இல்லை. பல ஆண்டுகள் பழகிய கண் இப்படித்தான் இடைப்படிகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறது.

குறைகளும் உண்டு. எம்/இசட் (நிறைக்கும் மின்னேற்றத்துக்கும் உள்ள விகிதம்) குறியீடுகளையும் அயனி வாய்பாடுகளையும் கைப்பேசியில் தட்டச்சு செய்வது அலுப்பூட்டும் வேலை. நீண்ட மாற்றங்களை, எழுதிப் பழகுவதற்கான பக்கமான மணல்தொட்டியில் எழுதிப் பார்த்துவிட்டுக் கணினியிலிருந்து சேர்ப்பதே நல்லது. இருவர் ஒரே நேரத்தில் அட்டவணையைத் திருத்தினால் தொகுப்பு முரண்பாடு வரும், பொறுமையாக ஒப்பிட்டு இணைக்க வேண்டும். மேற்சான்று தரத் தமிழ்ப் பாடநூல்கள் போதவில்லை. பெரும்பாலும் ஆங்கில நூல்களையே காட்ட வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடியாதவர், புதிய பகுதி எழுதுவதைவிட ‘மேற்கோள் தேவை’ என்று குறிக்கப்பட்ட வரிகளுக்குச் சான்று சேர்ப்பதில் தொடங்கலாம். எங்கள் கட்டுரையில் அப்படிப்பட்ட வரிகள் இன்னும் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் நான்கு, காஃபீன் துண்டுகளாக உடைந்து 194இலிருந்து 137 வழியாக 109க்கு இறங்குவதை விளக்கும் பகுதியில் உள்ளன. அந்த வரிகளைத்தான் இந்த மாதம் 195 என்று எழுதிய அதே பயனரோடு சேர்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.