கடற்கரை வீட்டில் பழைய ஏசியும் இன்வெர்ட்டர் ஏசியும்: பல வருடப் பாவனையில் தெரிவது

திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் ஏசி பழுதாவது பெரும்பாலும் வெளி யூனிட்டில்தான். உப்பு அங்கேதான் வேலை செய்கிறது. அதனால் பழையதா புதியதா என்ற கேள்வியை கரண்ட் பில்லை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

ஆர்22 என்ற குளிரூட்டும் காஸில் ஓடும் பழைய ஏசியில் கொம்பிரசருக்கு ஒரே வேகம்தான். 12,000 பிடியூ யூனிட் ஓடும்போது சுமார் 1.2 கிலோவாட் எடுக்கும். அறை குளிர்ந்ததும் முழுவதும் நிற்கும், சூடேறியதும் மறுபடி முழுப் பலத்தோடு கிளம்பும். கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட் ஓடும்போது எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு. வீட்டு லைட் ஒருமுறை மங்குவது அதனால்தான். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஒழுங்கைகளில் கொம்பிரசர் "ம்ம்" என்று முனகி, கிளம்பாமலே ஓவர்லோட் பாதுகாப்பில் நின்றுவிடும். இந்த முனகலுக்கு வழக்கமான காரணம், கொம்பிரசரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் பலமிழந்தது. அதன் மேலே 35 மைக்ரோஃபராட் என்று இருந்து மீற்றரில் 32க்குக் கீழே காட்டினால், அதே அளவில் 450 வோல்ட் கெபாசிட்டரை மாற்றிவிட வேண்டியதுதான். அரை மணி நேர வேலை. பழைய மெஷினின் பெரிய நன்மையே இந்த எளிமை.

இன்வெர்ட்டர் ஏசியில் 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரம் முதலில் 325 வோல்ட் அளவிலான நேரோட்டமாகிறது (டிசி). பிறகு எலெக்ட்ரோனிக் போர்ட் அதை வெட்டி வெட்டி, கொம்பிரசருக்கு வேண்டிய வேகத்தில் கொடுக்கிறது. மெதுவாகக் கிளம்புவதால் லைட் மங்காது. அறை குளிர்ந்த பிறகு 300 முதல் 500 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க 26 பாகையில் ஓடும் படுக்கையறையில் மிச்சம் நன்றாகவே தெரியும். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் திறக்கும் விருந்தினர் அறைக்கு இந்த வித்தியாசத்தால் பெரிய பயனில்லை.

வாடைக்காற்றும் பின்னேரக் கடற்காற்றும் உப்பைக் கொண்டுவரும். கச்சான் காலத்தில் மேற்கிலிருந்து தூசி வந்து வெளி யூனிட்டின் பின்களை (மெல்லிய அலுமினியத் தகடுகளை) அடைக்கும். அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்கிறதென்றால், செப்புக் குழாயும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்து அரிப்புத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீலப் பூச்சுப் பின் இதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. பலர் செய்யும் பிழை ஒன்று இங்கே இருக்கிறது: மழை படக்கூடாதென்று வெளி யூனிட்டைச் சன்ஷேட்டுக்கு அடியில் வைப்பது. உப்புக்காற்று அங்கேயும் வரும், கழுவிவிடும் மழை மட்டும் வராது. கடலுக்கு முதுகு காட்டும் சுவரில், மழை படும்படி வைப்பதே மேல். பிறக்கற், ஆணி, நட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

கரையோர வீட்டில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரேக்கரை இறக்கிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் போர்டின் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் உடனே இறங்காது. ஹோஸ் பைப்பின் சாதாரண வேகமே போதும், பிரஷர் வாஷர் பின்களை மடக்கிவிடும். போர்ட் பெட்டிப் பக்கம் தண்ணீர் அடிக்கக் கூடாது.

புதிய மெஷினை உண்மையில் கெடுப்பது பூட்டும் வேலை. ஆர்22 காலத்தில் கொஞ்சம் காஸைத் திறந்து குழாயிலிருந்த காற்றைத் தள்ளிவிட்டே பூட்டினார்கள், அதன் மினரல் ஒயில் பொறுத்துக்கொண்டது. புதிய மெஷின்களின் காஸான ஆர்32ஓடு வரும் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அமிலமாகி, கொம்பிரசரின் சுருளை உள்ளிருந்தே தின்னும். எனவே குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் இழுக்கும் வெக்கியூம் பம்ப் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். குழாயின் உள் அழுத்தம் 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கும்வரை இழுத்து, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் மீற்றர் ஊசி ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்32இன் அழுத்தம் ஆர்22ஐப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு. குழாய் முனையில் விரித்திருக்கும் பழைய ஃபிளேரை அப்படியே இறுக்காமல் வெட்டிப் புதிதாக விரிக்க வேண்டும். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பனரில் கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர் போதும், அதற்கு மேல் இறுக்கினால் விரித்த விளிம்பே வெடிக்கும். ஆர்32 லேசாக எரியக்கூடியது. காஸ் உள்ளே இருக்கக் குழாய்க்கு நெருப்பு வைக்கக் கூடாது.

போர்ட் போவதற்குப் பல்லியும் எறும்பும் சாதாரண காரணம். வயர் நுழையும் ஓட்டையை அடையுங்கள், வோல்டேஜ் திடீரென ஏறுவதைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு ஒன்றும் போடுங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதைக் கழற்றி நேரடியாக இணைக்கவே வேண்டாம். இன்வெர்ட்டர் போர்டில் உள்ள மின் ஃபில்டர் வழியே எர்த்துக்குச் சிறு கசிவு எப்போதும் இருக்கும். அது மற்ற உபகரணங்களின் கசிவோடு சேர்ந்து ட்ரிப் சுவிட்சின் எல்லையான 30 மில்லி ஆம்பியரை நெருங்குகிறதா, உண்மையான ஷோர்ட்டா என்று மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். ஏசிக்குத் தனி லைன், தனி ட்ரிப் சுவிட்ச் கொடுத்தால் முதல் வகைத் தொல்லை அநேகமாக நின்றுவிடும்.

கையிலிருக்கும் ஆர்22 மெஷின் கசியாமல் குளிர்கிறதென்றால் ஓடட்டும். வருடாவருடம் காஸ் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதலில் ஃபிளேர் நட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். கசிவு கொயிலிலேயே என்றால் அதற்கு மேல் செலவழிப்பது வீண், ஓசோனைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்முக நாடுகளில் ஆர்22 இறக்குமதி 2030இல் ஏறக்குறைய முற்றாக நிற்கிறது. அந்த ஆர்22 மெஷினுக்குள் ஆர்32ஐ ஊற்றிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குழாயும் கொம்பிரசரும் அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.