பக்கத்தில் உள்ள பழைய ஊருக்கு ஒருநாள் பயணம்: மரபு நடையா, ஒலிவழிகாட்டியா?

வீட்டிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய வரலாற்றுச் சிறப்புமிக்க ஊரைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்ப நினைப்போருக்குப் பெரும்பாலான இடங்களில் இரண்டு சேவைகள் கிடைக்கின்றன. ஒன்று, வழிகாட்டி ஒருவர் உடன் நடந்து விளக்கும் மரபு நடை. மற்றொன்று, இயர்போனில் கேட்டபடி நாமே நடக்கும் ஒலிவழிகாட்டி. இரண்டையும் பயன்படுத்தியவன் என்ற முறையில், முதல்முறை செல்வோர் மரபு நடைக்கே பணம் செலவிடலாம் என்பேன்.

காரணம், பழைமை என்று நாம் வியந்து நிற்கும் பலவும் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையன அல்ல. பிரான்சில் உள்ள கார்கசோன் கோட்டையின் கூம்புக் கூரைகள், 1853இல் தொடங்கிய சீரமைப்பில் வியோலே-லெ-துயூக் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி அமைந்தவை. அவை தென்பகுதிக் கட்டட மரபுக்குப் பொருந்தவில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான, போலந்துத் தலைநகர் வார்சாவின் பழைய நகரம், 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பெலோத்தோ வரைந்த காட்சிகளின் துணையோடும் திரும்ப எழுப்பப்பட்டு, 1980இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நல்ல வழிகாட்டி இத்தகைய செய்தியை மறைப்பதில்லை. சுவரின் முன்னால் நம்மை நிறுத்தி, கல்லின் நிறமும் சாந்தின் தன்மையும் எந்த வரிசையில் மாறுகின்றன என்று விரலால் காட்டுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இரண்டு மணி நேரம் நடக்கலாம்.

எல்லா நடைகளும் அப்படி அமைவதில்லை. கட்டணமின்றி அழைத்துச் சென்று, முடிவில் நாம் விரும்பியதைத் தரச் சொல்லும் நடை ஒன்றில், ஆவணத்தில் உள்ளதற்கும் ஊரார் வழிவழியாகச் சொல்வதற்கும் வேறுபாடு காட்டாமல் பேய்க்கதைகளையே அடுக்கிக்கொண்டு போனார்கள். சிரிப்புக்குக் குறைவில்லை, வரலாறு மட்டும் கிடைக்கவில்லை. குழுவில் பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் பின்வரிசைக்குக் குரல் எட்டாது என்பதால், முன்பதிவின்போதே எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒலிவழிகாட்டி புதிய ஏற்பாடன்று. 1952இலேயே ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் சிற்றலை ஒலிபரப்பின் மூலம் பார்வையாளர்களுக்கு விளக்கம் அளித்தது. ஒரே நேரத்தில் ஒரே பேச்சு ஒலித்ததால் எல்லோரும் ஒன்றாகவே நகர வேண்டியிருந்தது. இன்று விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். ஆனால் உயர்ந்த சுவர்களுக்கு இடையிலான குறுகிய சந்துகளில் ஜிபிஎஸ் தடுமாறுவதால், அடுத்த தெருவின் கதையைத் தவறான வாசலில் நின்று கேட்க நேரிடும். நாம் திருப்பிக் கேள்வி கேட்கவும் வழியில்லை. ஊரின் அமைப்பு மனத்தில் பதிந்தபின் இரண்டாம் முறை செல்பவருக்கு இது போதுமானது. அருகில் உள்ள ஊர் என்பதால் அந்த இரண்டாம் முறை எளிதில் கைகூடும், ஆகவே முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட ஓட வேண்டியதில்லை.

வார இறுதியைத் தவிர்த்து, சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் முன்பே தொடங்கும் முதல் நடையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருநாள் பயணிகளின் நெரிசலைத் தாளாமல் வெனிஸ் நகரம் 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் அவர்களிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறது. இத்தகைய விதி செல்லும் ஊரிலும் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டை, அருங்காட்சியகம் ஆகியவற்றின் நுழைவுச்சீட்டு நடைக் கட்டணத்தில் அடங்குமா, வழியில் எத்தனை படிகள் ஏற வேண்டியிருக்கும் என்பவற்றையும், முதியவர்களுடன் செல்வோர் குறிப்பாக, பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.