நாலு வருஷமாகக் கையில் கிடக்கும் ஓட்ட வாட்ச்

2021 ஆகஸ்டில் 16,000 ரூபாய் கொடுத்து இந்த ஜிபிஎஸ் வாட்சை வாங்கினேன். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் வருகிற எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே குணம்தான் என்பது கூட ஓடுகிறவர்களின் கையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வாங்கிய வாரத்தில் எழுதும் விமர்சனத்தில் அட்டைப்பெட்டி வாசம்தான் இருக்கும். இது நாலு வருட வேர்வை குடித்த வாட்சைப் பற்றியது.

முதலில் நான் கோட்டை விட்ட கதை. வெளியூரில் ஓர் அரை மாரத்தான். 1 மணி 55 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஆறு மாதமாகப் பயிற்சி. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 27 விநாடி (5:27) என்ற பேஸை, அதாவது ஓட்ட வேகத்தைப் பிடித்தால் 21.0975 கி.மீ. தூரம் 1:54:59-க்குள் அடங்கும். கணக்கு சரி. வாட்சும் கடைசிவரை சராசரி 5:27 என்றே காட்டியது. கோட்டைத் தாண்டிப் பார்த்தால் 1:56:31. தூரத்தைப் பார்த்தேன், 21.38.

நாகர்கோவில் வந்து சேரும்வரை ரயிலில் வாட்சைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் இருப்பதிலேயே குறுகிய கோட்டைப் பிடித்து அளப்பார்கள். நானோ தண்ணீர் மேசைக்காக ஒரு பக்கம், செல்ஃபி எடுக்கிறவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் என்று பாம்பு போல ஓடியிருக்கிறேன். ஜிபிஎஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியிருக்கும். இப்போது போட்டிகளில், ஒவ்வொரு கிலோமீட்டரையும் வாட்ச் தானே குறித்துக்கொள்ளும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது நானே லேப் பொத்தானை அமுக்குகிறேன். அடுத்த வருடம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. அந்த 1:55 இன்னும் பாக்கி.

இதயத் துடிப்பு காட்டுவதில் இந்த வாட்ச் சரியான ஏமாற்றுக்காரன். வாங்கிய புதிதில் சங்குத்துறை கடற்கரைப் பக்கம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். வாட்ச் 172 என்றது. மூன்று நாள் இதே கதை. பயந்துபோய் ஈசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை. பச்சை விளக்கை அடித்து ரத்த ஓட்டத்தைக் கணிக்கும் கருவி இது. பட்டை தளர்வாக இருந்தால் துடிப்பை விட்டுவிட்டுக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். என் காலடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 170. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டியதும் பாதி சரியாயிற்று. மீதிப் பாதிக்கு, நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டை வாங்கினேன். நம்மூர் ஈரக்காற்றில் வேர்வை ஒழுகும்போது மணிக்கட்டுக் கணக்கை நம்பிப் பயிற்சி செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் விடியற்காலை தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டி முப்பந்தல் நோக்கி ஓடினால் கணவாய்க் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். வாட்ச் உங்களைப் புகழ்ந்து தள்ளும். திரும்பி வரும்போது அதே உழைப்புக்குக் கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடம் கூடுதலாகிறது. காற்றாலைக்காரன் அந்த இடத்தைச் சும்மாவா பிடித்தான்? வாட்சுக்குக் காற்று தெரியாது. அங்கே நான் பேஸைப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு வேடிக்கை மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரத்தில் தட்டையாக நடந்து போகிறோம். என் வாட்சில் உயரத்தை அளக்கும் காற்றழுத்தமானி இல்லை, ஆப் தரையின் உயர வரைபடத்தைப் பார்த்து உயரத்தை எழுதுகிறது. அதன் கணக்கில் நான் பறளியாற்றுக்குள் இறங்கி, மறுகரையில் ஏறி வந்திருக்கிறேன்! மலையேற்றக் கணக்கு கூட வேண்டுமென்றால் அந்தப் பாலத்தில் நாலு தடவை போய் வந்தால் போதும்.

வெளியூர்களில் இதன் குணம் இன்னும் மாறும். ஏப்ரலில் இங்கே ஓடினால் 'உடல்திறன் சரிகிறது' என்கிறது. வேலையாக இரண்டு நாள் பெங்களூரு போனால் 'உயர்கிறது' என்கிறது. குளிரில் அதே வேகத்துக்குத் துடிப்பு குறைவு, அவ்வளவுதான் ரகசியம். துபாயில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடினேன். சிக்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததில் ஒரு கிலோமீட்டரை 2:50-ல் முடித்ததாகப் பதிவு. 2023-ல் சிகாகோ மாரத்தானை கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2:00:35-ல் ஓடியதும் ஏறக்குறைய அந்தப் பேஸ்தான். அக்காவிடம் காட்டினேன். "எடே, கார்ல போனியா?" என்றாள்.

வெளியூருக்குப் போகும்போது பையில், ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டுக்குப் பதில் மட்டி வாழைப்பழம்தான் கொண்டு போவேன். சின்னப் பழம், ஓட்டத்துக்கு நடுவே இரண்டே வாயில் முடிந்துவிடும். நசுங்காமல் கொண்டு போவதுதான் பாடு.

தேய்மானம் என்று பார்த்தால், சார்ஜ் ஏறும் பித்தளைப் புள்ளிகளில் இரண்டாம் வருடமே பச்சை பிடித்தது. வேர்வை உப்பு, கடற்காற்று இரண்டும் சேர்ந்த வேலை. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் வராது, நான் கழுவவில்லை. பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் சரியானது. பட்டை இரண்டு முறை அறுந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

பேட்டரிதான் கிழடு தட்டிவிட்டது. ஜிபிஎஸ்ஸோடு 20 மணி நேரம் என்று சொல்லி விற்றார்கள். இப்போது 9. இது 2025 சிவராத்திரியில், பன்னிரண்டு சிவன் கோவில்களுக்கு ஓடிப்போகும் சிவாலய ஓட்டத்தின்போது அம்பலமானது. முந்தின நாள் சாயங்காலம் திருமலையில் தொடங்கினோம். காவித்துண்டு, கையில் பனையோலை விசிறி, கூடவே என் வாட்ச். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று ஒழுங்காகக் கணக்கு வைத்தது. பன்னிப்பாகம் தாண்டி நடுச்சாமத்தில் திரை அணைந்துபோனது.

"எத்தன கிலோமீட்டர் ஆச்சு மாமா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டுல ஆறு ஆச்சு மக்கா. கையில கெட்டியிருக்கியே, அது சொல்லாதோ?"

பின்னாலிருந்து "கோவிந்தா" என்று ஒரு குரல், "கோபாலா" என்று நாங்கள். திருநட்டாலம் போய்ச் சேர்ந்தோம். ஆப்பில் அந்த ஓட்டம் பன்னிப்பாகத்தோடு நிற்கிறது. பேட்டரி மாற்ற ஒரு கடையில் 3,500 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றிவிட்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்றுதான் நினைக்கிறேன்.