மூன்று முடிக்காக ஒரு பெட்டி

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று படங்களும் சேர்ந்த 4கே டிஸ்க் பெட்டியைத் தீபாவளி லீவுக்கு வாங்கினேன். செந்தூல் வீட்டு ஹாலில் தம்பி மகளோடு உட்கார்ந்து மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தோம். நாவலை உயிராக நினைப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

படிவம் ஐந்தில் படிக்கும்போது டோல்கீனின் நாவலை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக வாசித்தவன் நான். 2001-இல் வெளியான முதல் படத்தை மிட்வேலியில் பார்த்தபோது ஒரு குறை மனதில் தங்கிவிட்டது. எல்ஃப் என்ற மாய இனத்தின் தலைவி கலாட்ரியல் பரிசு கொடுக்கும் இடத்தில், தீய மோதிரத்தை அழிக்கப் போகும் கதாநாயகன் ஃப்ரோடோவுக்குக் கிடைத்த கண்ணாடிக் குப்பி மட்டும்தான் வந்தது, கூடப் போகும் கிம்லி என்ன கேட்டான் என்பதே இல்லை.

இந்தப் பெட்டியில் உள்ள, தியேட்டரில் வராத காட்சிகளையும் சேர்த்து நீட்டித்த வடிவத்தில் அது இருக்கிறது. நாவலில் குள்ளன் கிம்லி எல்லார் முன்னாலும் அவளுடைய தலைமுடியில் ஒன்றே ஒன்று வேண்டும் என்று கேட்பான். படத்தில் அப்படி இல்லை. ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிப் போகிறான், தயங்கி நிற்கிறான், அதோடு காட்சி முடிந்துவிடுகிறது. பிறகு படகில் போகும்போதுதான் கூட வரும் எல்ஃப் வீரன் லெகோலாஸிடம் சொல்கிறான், ஒரு முடி கேட்டேன், மூன்று கொடுத்தாள் என்று. லெகோலாஸ் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. “பெரியப்பா, புத்தகத்துல இப்படி இல்லையே, ஆனா இதுதான் நல்லா இருக்கு” என்றாள் பிள்ளை. எனக்கும் அப்படித்தான் பட்டது, ஏனென்றால் குள்ளர்களுக்கும் எல்ஃப்களுக்கும் இருந்த பழைய பகை உருகுவதை அந்தப் படகில் இரண்டு முகங்களை வைத்தே காட்டிவிட்டார் இயக்குநர் பீட்டர் ஜாக்சன்.

வழியில் ஃப்ரோடோவைச் சந்திக்கும் படைத்தலைவன் ஃபாரமிர் விஷயத்தில் எனக்கு இருபது வருஷக் கோபம். நாவலில் அந்த மோதிரம் வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்கிறவனை, படத்தில் ஃப்ரோடோவைப் பிடித்து ஓஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப்போக வைத்துவிட்டார்கள். நீட்டித்த இரண்டாம் பாகத்தில் அப்பா டெனெத்தோர், அண்ணன் போரோமிரை மட்டும் கொண்டாடி இவனை உதாசீனம் செய்யும் பழைய காட்சி ஒன்று வருகிறது. அதைப் பார்த்த பிறகு கோபம் பாதி தணிந்தது. மோதிரத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாவது ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட மாட்டோமா என்று தவிக்கிற பிள்ளை அவன். டோல்கீன் எழுதிய ஃபாரமிர் இவன் இல்லைதான், ஆனாலும் எனக்குப் புரிந்தது.

சரி, பெட்டிக்கு வருவோம். மொத்தம் 9 டிஸ்க். ஒவ்வொரு படத்துக்கும் திரையரங்கு வடிவம் ஒரு டிஸ்க்கில், நீட்டித்த வடிவம் இரண்டு டிஸ்க்கில், அதனால் நடுவில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். பழைய நீட்டித்த புளூரேயில் முதல் பாகம் முழுக்க ஒரு பச்சைச் சாயல் படிந்திருக்கும், இதில் அது போய்விட்டது, பனிமலை வெள்ளையாகவே தெரிகிறது. சாதாரண புளூரே பிளேயரில் ஓடாது, 4கே பிளேயர் வேண்டும். 4கே டிஸ்க்குக்கு நாட்டுத் தடை கிடையாது, எந்த ஊரில் வாங்கினாலும் இங்கே ஓடும்.

பெரிய குறை, படம் எடுத்த கதையைச் சொல்லும் நீண்ட ஆவணப்படங்கள் இதில் இல்லை. பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், முதல் தடவை பார்க்கிற பிள்ளைகளுக்குத் திரையரங்கு வடிவத்தையே போடுங்கள்.