பேட்ச் ஃபைலும் ஒரு பிள்ளையாரும்: ஏழு வருட அனுபவம்

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் மாதம் பிறந்தால் முதல் வேலை ஃபோல்டர் போடுவது. கிளையன்ட்கள் நூற்று முப்பது சொச்சம். ஒவ்வொருவருக்கும் அந்த மாதத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கொள்முதல், விற்பனை, பேங்க் என்று மூன்று. ரைட் கிளிக், நியூ, ஃபோல்டர், பெயர், என்டர். புதிதாகச் சேர்ந்த ஆளின் தலையில்தான் இது விழும். 2018 ஏப்ரலில் அந்த ஆள் நான். அரை நாள் போனது. மே மாதம் வருவதற்குள் இணையத்தில் தேடிப் பிடித்து, நோட்பேடில் ஆறு வரி எழுதிவிட்டேன்.

பேட்ச் ஃபைல் பெரிய வித்தையெல்லாம் இல்லை. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்பு ஜன்னலில் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி, பெயரின் வாலில் டாட் பேட் என்று போட்டுச் சேமித்தால் சரி. டபுள் கிளிக் செய்தால் மேலிருந்து கீழே ஓடும். விண்டோஸுக்கு முந்தைய, 1980களின் டாஸ் காலத்துச் சரக்கு. (விண்டோஸில் ஃபைல் பெயரின் வாலைக் காட்டாமல் மறைக்கும் அமைப்பு இருக்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டாட் பேட் டாட் டெக்ஸ்ட் என்று சேமித்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.)

கிளையன்ட் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். ஸ்கிரிப்ட் (அந்த ஆறு வரி பேட்ச் ஃபைல்தான்) அதை வரிவரியாகப் படித்து ஃபோல்டர் போட வேண்டும். ஓட்டினேன். நூற்று முப்பது வர வேண்டிய இடத்தில் பாதிகூட வரவில்லை. பார்த்தால் ‘ஸ்ரீ’ என்று ஒரே ஒரு ஃபோல்டர், ‘நியூ’ என்று இன்னொன்று. ஸ்ரீயில் தொடங்கும் அத்தனை ஜவுளிக் கடைகளும் மஞ்சள் மண்டிகளும் அந்த ஒரு ஃபோல்டரில் ஐக்கியம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ‘ஃபார்’ கட்டளை, வரியைப் படிக்கும்போது முதல் இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது. முழு வரியும் வேண்டுமென்றால் ‘டெலிம்ஸ்’ என்று எழுதி, சமக்குறி போட்டு, அதற்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். ஃபைலுக்குள் எழுதும்போது சதவீதக் குறியை இரண்டு முறை போட வேண்டும் என்பது அடுத்த பாடம். இந்த இரண்டையும் திருத்திய பிறகு அந்த ஆறு வரியை நான் தொடவே இல்லை. விண்டோஸ் 7, 10, 11 என்று மூன்றைப் பார்த்துவிட்டது. இன்றைக்கும் மாதம் முதல் தேதி நான்கு நொடியில் வேலை முடிகிறது.

அந்தத் தைரியத்தில்தான் பேக்கப்பில் கை வைத்தேன்.

ரோபோகாப்பி என்ற கட்டளை விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸோடு வருகிறது. அதன் பின்னால் ‘மிர்’ என்ற சுவிட்சை, அதாவது கூடுதல் குறிப்பைப் போட்டால், ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்தில் அப்படியே கண்ணாடி பிம்பமாக வைத்திருக்கும். பிம்பம் என்றால் நிஜமாகவே பிம்பம்: மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது என்று அழித்துவிடும். ரீசைக்கிள் பின்னுக்கெல்லாம் போகாது. தினமும் இரவு எட்டு மணிக்கு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தேன். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் மெயின் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மாற்றினோம். புதிய டிஸ்க்கில் அதே பெயரில் காலி ஃபோல்டரை உருவாக்கி வைத்துவிட்டு, பழைய டேட்டாவை நாளைக் காலையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். எட்டு மணிக்கு ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது. மூலம் காலி, ஆகவே நகலும் காலி. மறுநாள் காலையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல வேளையாகக் கழற்றிய பழைய டிஸ்க் சர்வீஸ் செய்தவரின் மேசையில் அப்படியே கிடந்தது. அது மட்டும் இல்லையென்றால் இதை எழுத நான் அந்த ஆபீஸில் இருந்திருக்க மாட்டேன். சார் திட்டவில்லை. “இனிமே டிஸ்க் மாத்துற அன்னைக்கு அதை நிறுத்தி வைம்மா” என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நிறுத்தி வைக்க மறப்பேன் என்று எனக்கே தெரியும். அதனால் வேறு வழி செய்தேன். மூலத்தில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று என இரண்டு காலி ஃபைல்களை வைத்தேன். ஸ்கிரிப்ட் ஆரம்பிக்கும்போது இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் எதையும் தொடாமல் சிவப்பு ஜன்னலோடு நின்றுவிடும். அந்த ஃபைலுக்குப் பிள்ளையார் என்று பெயர். அவர் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. வெளி டிஸ்க்குக்கு விண்டோஸ் தரும் எழுத்து (இ, எஃப் என்பது போல) மாறி, அந்த இடத்தில் யாருடைய பென் டிரைவாவது வந்து உட்கார்ந்தாலும் இதே காவல்தான்.

ரோபோகாப்பியில் இன்னும் இரண்டு சங்கதிகள். கணக்கு மென்பொருளை யாராவது திறந்து வைத்திருந்தால் ஃபைல் பூட்டியிருக்கும். அப்போது அது 30 நொடி காத்திருந்து மறுபடி முயலும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் முறை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரே ஃபைலுக்கு 347 நாள் வருகிறது. இரண்டு முறை, ஐந்து நொடி என்று மாற்றினேன். அடுத்தது, முடிந்ததும் அது திருப்பித் தரும் எண். மற்ற கட்டளைகளைப் போல பூஜ்ஜியம் வந்தால்தான் வெற்றி என்று நினைத்து, வேறு எண் வந்தால் ‘தோல்வி’ என்று காட்டும்படி எழுதியிருந்தேன். ஆனால் இதில் 1 என்றால் ஃபைல்கள் நல்லபடியாக நகலாகிவிட்டன என்று அர்த்தம். 8-லிருந்துதான் தோல்வி. விளைவு, தினமும் நன்றாக நடந்த பேக்கப்புக்குத் தோல்வி என்று செய்தி. ஆபீஸில் எல்லாரும் அதைப் பார்க்காமலேயே மூடப் பழகிவிட்டார்கள். டிஸ்க் நிரம்பி உண்மையிலேயே தோற்ற வாரத்திலும் மூடினார்கள். இது முழுக்க என் தவறு.

ஷெட்யூலரைப் பற்றிச் சுருக்கமாக. டபுள் கிளிக்கில் ஓடும் ஸ்கிரிப்ட் அங்கே ஓடாவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அது வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறது. ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தை நிரப்புங்கள். லேப்டாப்பாக இருந்தால், கரன்ட் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடு என்ற டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். கரன்ட் போன மாலைகளில் பேக்கப் நடக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

எடுத்து எறிந்தவையும் உண்டு. இரவு ஒன்பதுக்கு எல்லாக் கம்ப்யூட்டரையும் பத்து நிமிட எச்சரிக்கையோடு நிறுத்தும் ஸ்கிரிப்ட் ஒரு மாதம் இருந்தது. ஷட்டவுனுக்கு நேரம் கொடுத்தால், திறந்திருப்பதை எல்லாம் சேமிக்கலாமா என்று கேட்காமல் மூடும். ரிட்டர்ன் கடைசித் தேதிக்கு முந்தின இரவு சார் டீ குடிக்கப் போயிருந்தார். அத்தோடு அதை நீக்கினேன். ஃபைல் பெயரில் தேதி சேர்ப்பதற்கு விண்டோஸ் தரும் ‘டேட்’ மாறியை நம்பாதீர்கள். கம்ப்யூட்டரின் பிராந்திய அமைப்பைப் பொறுத்து நாளும் மாதமும் இடம் மாறும். பதிலுக்கு, கம்ப்யூட்டரின் விவரங்களைக் கேட்டு வாங்கும் ‘டபிள்யூமிக்’ கட்டளையைப் பயன்படுத்தி வந்தேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு போட்ட புதிய கம்ப்யூட்டரில் அது இல்லவே இல்லை. விலக்கப்போகிறோம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. இப்போது தேதிக்கு மட்டும், விண்டோஸோடு வரும் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல்லை ஒரு வரி கூப்பிடுகிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் பவர்ஷெல்லில் எழுதலாமே என்றால், எழுதலாம். கணக்குப் போடுவது, எக்செல்லில் நுழைவது என்றால் அதுதான் சரி. பேட்ச்சில் நிபந்தனைக்குள் நிபந்தனை போட்டு நான் பட்ட பாடு போதும். ஆனால் பவர்ஷெல் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் நோட்பேடில் திறக்கிறது, அனுமதி அமைப்பையும் மாற்ற வேண்டும். எங்கள் ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான். இருபது வரிக்குள் அடங்குவது பேட்ச், அதைத் தாண்டினால் வேறு, என்பது என் கணக்கு. இப்போது எட்டு ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன, பெரியது மட்டும் கொஞ்சம் தாண்டி இருபத்திரண்டு வரி.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் டிஸ்க்கில் இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள். “அக்கா, இந்தப் பிள்ளையார் ஃபைல்ல ஒண்ணுமே இல்ல, சைஸ் ஸீரோன்னு காட்டுது, அழிச்சிட்டேன்” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஏதோ நோட்டீஸுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன், காதில் சரியாக விழவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், மானிட்டரில் சிவப்பு ஜன்னல் இரவு எட்டு மணியிலிருந்து அப்படியே நின்றுகொண்டிருந்தது.